இடமாற்றத்தின்போது

ஐந்து ஆண்டுகளாக ஒருநாளும் அணைக்கப்படாத சர்வரை அணைக்க நான் கையை நீட்டியபோது, உடனிருந்த இளைஞர் கேட்டார்: "சார், வண்டில ஏத்தறதுக்கு முன்னாடி இங்கேயே ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்துடலாமா?" வண்டி வாசலில் காத்திருந்தது. "அதான் இப்ப ஆஃப் பண்றோமே, அங்க போய் ஆன் பண்ணிக்கலாம்" என்றேன்.

புதிய இடத்தில் நான்கு டிஸ்க்குகளில் ஒன்று சுழலவே இல்லை. நான்கிலும் தரவைப் பிரித்து வைக்கும் ரெய்டு 5 என்ற அமைப்பு ஒரு டிஸ்க்கின் இழப்பைத் தாங்கும் என்பதால் நான் பதறாமல், உதிரி டிஸ்க்கைச் செருகி, இழந்ததை அதில் மீண்டும் உருவாக்கும் ரீபில்டைத் தொடங்கிவிட்டேன். மீதமுள்ள மூன்றையும் முழுவதுமாகப் படித்தால்தான் நான்காவது உருவாகும் என்பதும், ஒரே நாளில் வாங்கி ஒரே அளவு உழைத்த டிஸ்க்குகளுக்கு அது கடும் சோதனை என்பதும், ஆகவே முதலில் இருப்பதை நகலெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. பாதி வழியில் இரண்டாவது டிஸ்க்கும் போயிற்று. வியாழன் இரவு எடுத்த பேக்கப் கைகொடுத்தது. வெள்ளிக்கிழமை முழுவதும் எல்லோரும் செய்த வேலை மீளவில்லை.

மேலாளர் வந்து, "வழியில வண்டி குலுங்கினதுல போயிருக்குமோ?" என்று கேட்டார். "இருக்கலாம் சார்" என்றேன். இளைஞர் என் அருகில்தான் நின்றிருந்தார். வண்டிக்காரர்களின் கூலியில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. தெரிந்த பிறகும் நான் எதுவும் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நான் பொய் சொல்லவில்லை என்று பலமுறை எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். குலுங்கலால் டிஸ்க் கெடுவது நடக்கக்கூடியதே. ஆனால் அணைந்த டிஸ்க்கில், தரவைப் படிக்கும் முனையான ஹெட் ஒதுங்கி நிற்பதால், ஓடும் டிஸ்க்கைவிட அது அதிர்வை நன்றாகவே தாங்கும். ஆண்டுக்கணக்கில் சூட்டில் சுழன்ற டிஸ்க், ஆறிய பிறகு மீண்டும் சுழல மறுப்பதோ இத்தொழிலில் பழைய கதை. இவ்விரண்டையும் அறிந்தே அந்தச் சொல்லைச் சொன்னேன். சில நாட்களில் எனக்கு வேறொரு சந்தேகம் வருகிறது: இளைஞர் ஒருவேளை 'ரீஸ்டார்ட்' என்றுதான் சொன்னாரோ? ரீஸ்டார்ட் செய்தால் பொதுவாக மின்சாரம் நிற்காது, டிஸ்க்கும் நிற்காது, அந்தச் சோதனையால் எதுவும் வெளிப்பட்டிருக்காது. அணைத்துப் போட்டிருந்தாலும், அது ஆறும்வரை வண்டி நின்றிருக்குமா? அங்கேயே கெட்டிருந்தால் அதே வெள்ளிக்கிழமை வேலைதான் போயிருக்கும். பழி மட்டும் வண்டியின்மேல் விழுந்திருக்காது. அவ்வளவுதான் வித்தியாசம் என்று எழுதத் தொடங்கி, 'அவ்வளவுதான்' என்ற சொல்லில் நின்றுவிடுகிறேன்.

புதிய சர்வருக்குத் தரவை முன்கூட்டியே மாற்றாததற்கும் என்னிடம் கணக்கு இருந்தது. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பழைய ஸ்விட்ச் 100 எம்.பி.பி.எஸ். (விநாடிக்கு 100 மெகாபிட்) வேகம் கொண்டது, அதன் வழியே ஒரு டெராபைட்டைக் கடத்த, தடையே இல்லாவிட்டாலும் 22 மணி நேரம் ஆகும். அதைப்போல் பத்து மடங்கு வேகமான புதிய கிகாபிட் ஸ்விட்சில் இரண்டேகால் மணி நேரம். கணக்கு இன்றும் சரிதான். ஆனால் இரண்டு சர்வர்களிலுமே கிகாபிட் போர்ட் இருந்தது. நடுவில் ஸ்விட்சே இல்லாமல் ஒரே ஒரு கேபிளால் இணைத்திருக்கலாம் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

மற்றவை ஒழுங்காகவே நடந்தன. இணையப் பெயரை முகவரியோடு இணைக்கும் டி.என்.எஸ். பதிவுகளில், பழைய முகவரியை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டி.டி.எல். அளவை இரண்டு நாட்களுக்கு முன்பே 86,400 விநாடியிலிருந்து 300 ஆகக் குறைத்திருந்ததால், முகவரி மாறியதை வெளியிலிருந்த யாரும் உணரவில்லை.

அறிக்கையில் காரணம் என்ற இடத்தில், 'இடமாற்றத்தின்போது டிஸ்க் பழுதடைந்தது' என்று எழுதினேன். 'இடமாற்றத்தால்' என்று எழுதவில்லை. படித்தவர்கள் அனைவரும் அப்படித்தான் படித்தார்கள்.