இரட்டைக் கொம்பு

மலைப் பள்ளியில் செயலி வைத்துப் பாடம் நடத்துவதென்றால், பாதி வேலை முந்தின இரவே சேலத்தில் முடிந்திருக்க வேண்டும். பள்ளி வாசலில் சிக்னல் ஒரு கோடு காட்டும், வகுப்புக்குள் வந்தால் அதுவும் போய்விடும். அதனால் கதைகளையும் காணொளிகளையும் வீட்டு வைஃபையிலேயே இறக்கி, சார்ஜ் ஏற்றி, கட்டுச்சோறு மாதிரி கையோடு எடுத்துக்கொண்டு ஏற்காடு பஸ்ஸைப் பிடிப்பேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, அதற்கு மேலும் கொஞ்ச தூரம் போக வேண்டும்.

2018-இல் வந்த புதிய பாடநூல்களிலிருந்து பாடத்துக்குப் பாடம் கியூஆர் கோடு இருக்கிறது. ஸ்கேன் செய்தால் தீக்‌ஷா என்ற அரசுக் கல்வித் தளத்தில் அந்தப் பாடத்துக்கான காணொளி திறக்கும். வகுப்பில் ஸ்கேன் செய்ய வழியில்லாததில் எனக்கு ஒரு லாபம் உண்டு. எல்லாவற்றையும் முதல் நாளே முழுசாகப் பார்த்துவிடுகிறேன். பார்த்த பிறகு பாதியை வேண்டாம் என்று விட்டும்விடுகிறேன். ஆறு நிமிடக் காணொளி சொல்வதை நாலு காப்பிக்கொட்டை சொல்லிவிடும் என்றால் கொட்டையே போதும்.

ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை ஒரே அறை, 21 பிள்ளைகள். பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள். (கேரளமா என்று கீழே சேலத்தில் கேட்பார்கள். இல்லை, தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்.) 2022-இல் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு, பிள்ளைகள் எந்த வகுப்பு என்பதைவிட, கற்றலில் எந்த நிலை, அதாவது தொடக்க நிலையான அரும்பா, அடுத்த மொட்டா, அதற்கும் மேலான மலரா என்பதுதான் கணக்கு. காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் பெற்றோரோடு எஸ்டேட்டுக்குப் போய்விட்டு வரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் உட்கார்ந்திருக்கும். ஒரு நிலைக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மற்ற இரண்டு நிலைகளையும் யார் பார்ப்பது? அந்த இடத்தில்தான் போனைக் கையில் எடுத்தேன்.

முதலில் கொண்டுவந்தது ஒரு வாசிப்புச் செயலி. திரையில் கதை வரும், பிள்ளை சத்தமாக வாசிக்க வேண்டும். மைக் கேட்டுக்கொண்டே இருந்து, சரியாக வாசித்த சொல்லின் நிறத்தை மாற்றும், கடைசியில் நட்சத்திரம் தரும். இருந்தது என் ஒரு போன், அதனால் ஐந்து பேருக்கு ஒரு முறை. வாசிப்பவர் நடுவில், மற்ற நாலு தலைகளும் அதைச் சுற்றி. ஒரு பையன் ‘தேன்’ என்பதை ‘தென், தென்’ என்று முட்டிக்கொண்டிருந்தான். செயலி பொறுமையாகக் காத்திருந்தது. பக்கத்தில் இருந்தவனுக்குத்தான் பொறுமை இல்லை. “டேய், இரட்டைக் கொம்புடா அது, நீட்டு!” அவன் நீட்டினான், நிறம் மாறியது. நான் ஒரு வாரமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டுக்கொண்டிருந்த பாடம் அது.

சங்கடமும் வந்தது. ஒரு சின்னப் பெண் ‘மளை’ என்று வாசித்தாள், நட்சத்திரம் விழுந்துவிட்டது. நான் ‘மழை’ என்று திருத்தினேன். “போனே சரின்னு சொல்லிடுச்சு டீச்சர்” என்றாள். இத்தனை வருஷத்தில் எனக்கு எதிராக இப்படி ஒரு சாட்சி வந்ததில்லை. போன் காதுக்குக் கேட்காதது என் காதுக்குக் கேட்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

மழை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. எங்கள் கூரை தகரம். மழை பிடித்தால் மைக்குக்கு மழைதான் கேட்கும், பிள்ளையின் குரல் ஏறாது. ஒருநாள் அப்படித்தான், சரி, மூட்டை கட்டிவிடலாம் என்று திரும்பினால் ஒருத்தி அரசு தந்த கம்பளிச் சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு போனோடு உள்ளே போய்விட்டாள். சட்டைக்குள்ளிருந்து கதை வந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் ஓரத்தைப் பிடித்து மூடியிருந்தார்கள், ஒருவன் கழுத்து வழியாக எட்டிப் பார்த்து உள்ளே தப்புச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்புறம் சேலத்து நண்பர்கள் சிலர் சேர்ந்து ஐந்து பழைய டேப் (டேப்லெட்) வாங்கித் தந்தார்கள். இனி ஒரு முறைக்கு வரும் ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒன்று. கணக்குச் செயலியைப் போட்டுக் கொடுத்ததும் வகுப்பு அப்படியே அடங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூலைக்கு ஒருவராக உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல், நட்சத்திரமாகக் குவித்தார்கள்.

ஒரு மாதம் போயிருக்கும். கழித்தலில் அதிக நட்சத்திரம் வாங்கிய பையனைக் கூப்பிட்டு, மேசையில் 13 காப்பிக்கொட்டை வைத்து, “எட்டை எடுத்துட்டா எவ்வளவுடா?” என்றேன். “நாலு” என்றான். என் முகத்தைப் பார்த்தான். “ஆறு?” மறுபடி பார்த்தான். என் முகம் எப்போது பச்சையாகும் என்று காத்திருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. செயலி நாலு விடை காட்டும். தப்பைத் தொட்டால் சிவக்கும், அடுத்ததைத் தொடலாம். அவன் கற்றது அதைத்தான், நன்றாகவே கற்றிருந்தான். ஐந்து தலைக்கு நடுவில் இருந்திருந்தால் இது நடக்காது. “எப்படிடா?” என்று ஒருவனாவது கேட்டிருப்பான்.

ஆசிரியர் பயிற்சியில் படித்த ஒரு சங்கதி பிறகு நினைவுக்கு வந்தது. 1999-இல் சுகதா மித்ரா என்ற கல்வி ஆய்வாளர் டெல்லி கால்காஜியில் குடிசைப் பகுதியை ஒட்டிய சுவரில் ஒரு கணினியைப் பதித்து வைத்தார். சொல்லித்தர யாரும் இல்லாமலே, பிள்ளைகள் கூட்டமாக நின்று ஒருவருக்கொருவர் காட்டிக் கொடுத்துப் பழகிக்கொண்டார்கள். அதைப் பரீட்சைக்காகப் படித்துவிட்டு மறந்துபோனவள் நான்.

மறுநாளே மூன்று டேப்பை பீரோவில் வைத்துவிட்டேன். வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர் ஏற்காடு வந்தபோது பள்ளிக்கும் வந்தார். “ரிப்பேராங்க டீச்சர்?” என்று தயங்கிக் கேட்டார். அவரிடம் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இப்போது எங்களுக்குப் பிடித்த தளம் ஸ்டோரிவீவர். சிறுவர் நூல்கள் வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கியது. தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம், நாமே கதை எழுதிச் சேர்க்கவும் செய்யலாம். பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டிக்கு வந்த காட்டெருமையைப் பற்றி எழுதுவதென்று முடிவு செய்தார்கள். நான் காட்டிய எருமைப் படத்தை ஒரே குரலில் ஒதுக்கினார்கள். “அது வெள்ளை சாக்ஸ் போட்டிருக்கும் டீச்சர்.” உண்மைதான், காட்டெருமைக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளை. சரி, நீங்களே வரையுங்கள் என்று விட்டுவிட்டேன். படம் ஆனது, தலைப்பு எழுதும்போது சண்டை. அன்று ‘தென்’ என்று முட்டியவன் ‘காட்டேருமை’ என்று எழுதியிருந்தான். “ஒற்றைக் கொம்புதாண்டா” என்று நாலு பேர் கத்தினார்கள். அவன் அழிரப்பரைத் தொடவே இல்லை, படத்தைக் காட்டினான்.

“ரெண்டு கொம்பு இருக்குல்ல டீச்சர்?”