97 மார்க் வாங்கியவன் வேலி தாண்டிய கதை

வேட்டைப் பாதுகாப்பு ஆன்லைன் பரீட்சையில் நூற்றுக்கு 97. சர்டிபிகேட்டைப் பிரிண்ட் எடுத்து, நாலாக மடித்துப் பர்ஸில் வைத்திருந்தேன். அந்தப் பர்ஸோடுதான் ஒரு செப்டம்பர் சனிக்கிழமை காலை, அமெரிக்காவின் டெக்சஸில், ஆஸ்டின் நகரத்திலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி ஒரு பொட்டல் காட்டில், முள்கம்பி வேலிக்கு முன்னால், ஆரஞ்சு நிறக் கட்டை போட்ட டம்மி துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலியை எப்படித் தாண்டுவது என்று செய்து காட்ட வேண்டும். "இதை முதல்ல கீழ வச்சிடணுமா சார்?" என்று கேட்கத் திரும்பினேன். நான் திரும்பினால் கையில் இருப்பதும் கூடவே திரும்பும் என்பது அந்த நொடியில் மண்டையில் இல்லை. துப்பாக்கி முனை, எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பத்து வயதுப் பெண்ணின் நெஞ்சுக்கு நேராகப் போய் நின்றது. அது என் மகள்.

பயிற்சியாளர் கத்தவில்லை. எழுபது வயது இருக்கும், நிதானமாக நடந்து வந்து, இரண்டு விரலால் முனையை வானத்தைப் பார்க்கத் தள்ளிவிட்டு, என் மகளிடம் "அப்பா என்ன தப்பு செய்தார்?" என்று கேட்டார். அவள் ஒன்றாம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள். அதே விதியைத்தான் நான் இரண்டு நாள் முன்னால் சரியான விடையாக டிக் அடித்திருந்தேன்.

நான் வேட்டை லைசென்ஸ் எடுத்ததைக் கேள்விப்பட்டு நிறைய நண்பர்கள் இதைப் பற்றிக் கேட்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். எல்லாம் டெக்சஸ் கணக்கு. மற்ற மாநிலங்களில் விதி வேறு.

டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்த எவரும் வேட்டைக்குப் போக வேண்டுமென்றால் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அதென்ன 71 என்று எனக்கும் முதலில் புரியவில்லை. கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: பயிற்சி இங்கே கட்டாயமானது 1988-ல், அப்போது 17 வயது ஆகியிருந்தவர்களை விட்டுவிட்டார்கள். விஸ்கான்சினில் இந்தக் கோடு 1973 ஜனவரி 1, கொலராடோவில் 1949 ஜனவரி 1. கலிபோர்னியாவில் முதல் முறை லைசென்ஸ் எடுப்பவருக்கு வயது வித்தியாசமே இல்லை, அறுபது வயதானாலும் படித்துத்தான் ஆக வேண்டும். எனக்குக் கேட்டால் அதுதான் சரி.

17 வயது ஆனவர்களுக்கு வழி மூன்று. முழுக்க ஆன்லைன், அல்லது ஆன்லைனோடு ஒரு நாள் களப் பயிற்சி, அல்லது நேரடி வகுப்பு, அதற்கு 15 டாலர். ஆன்லைனுக்குக் கட்டணம் நடத்துகிற கம்பெனியைப் பொறுத்து மாறும். 9 முதல் 16 வயது வரை முழு ஆன்லைன் கிடையாது, நேரில் போயே ஆக வேண்டும். ஒன்பதுக்குக் கீழே சர்டிபிகேட்டே கிடையாது, பெரியவர் துணையோடுதான் போகலாம். ஒருமுறை வாங்கிவிட்டால் அது ஆயுளுக்கும் செல்லும், மற்ற மாநிலங்களிலும் ஏற்றுக்கொள்வார்கள்.

நான் எடுத்தது முழு ஆன்லைன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து மூன்று நாளில் முடித்தேன். மகளுக்காகத்தான் களப் பயிற்சிக்குப் போனோம். அவளுடைய பள்ளித் தோழி ஒருத்தி அப்பாவோடு மான் வேட்டைக்குப் போகிறவள், அந்த ஆசை இவளுக்கும் ஒட்டிக்கொண்டது. நான் டிரைவர் மாதிரிதான் போனேன். பயிற்சியாளர்தான், வந்ததே வந்துவிட்டீர்கள், நீங்களும் வரிசையில் நில்லுங்களேன் என்றார். மற்றதை மேலே சொல்லிவிட்டேன்.

பத்து டாலர் ஒத்திவைப்பு என்று இன்னொன்று இருக்கிறது. 17 வயது ஆனவர் பயிற்சி இல்லாமலே ஒரு சீசன் வேட்டைக்குப் போகலாம், ஆயுளில் ஒரே ஒரு தடவை. ஆனால் கூடவே பயிற்சி முடித்த (அல்லது வயதினால் விலக்குப் பெற்ற), லைசென்ஸ் உள்ள, 17 வயது ஆன ஒருவர் இருக்க வேண்டும். எவ்வளவு தூரத்தில்? சாதாரணக் குரலில் பேசினால் கேட்கிற தூரத்தில் என்கிறது விதி. படித்ததும் எங்கள் ஊர்க் கூப்பிடு தூரம்தான் ஞாபகம் வந்தது, ஆனால் சங்கரன்கோவில் கூப்பிடு தூரம் அரை மைல் போகும், டெக்சஸ்காரன் அந்த அளவுக்குக் கத்த மாட்டான். ஆபீஸில் பாதிப் பேர் இந்தப் பத்து டாலரைக் கட்டிவிட்டுத்தான் முதல் தடவை போகிறார்கள். சட்டப்படி தப்பில்லை. எனக்குப் பிடிக்கவில்லை.

விசாவில் இருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். எச்-1பி, எல்-1, எப்-1 மாதிரித் தற்காலிக வேலை, படிப்பு விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. நம்மாட்கள் சிலர் மானையே பார்க்காமல் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது இதனால்தான், சுடும் மைதானத்துக்குப் போக. இதில் ஒரு குழி இருக்கிறது. 2019 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் தனியார் நிலத்தில், நிலத்துக்காரர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட லைசென்ஸே வேண்டாம். சக ஊழியர் நல்ல மனதோடு "பன்றிக்கு ஒண்ணும் வேண்டாம், சும்மா வா" என்று கூப்பிடுவார். அவருக்கு வேண்டாம். எச்-1பி-யில் இருக்கிற உங்களுக்கு, அந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கவே லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் ஆண்டு ஆகஸ்ட் 31-ஓடு முடிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். நான் வக்கீல் இல்லை, உங்கள் விசா விஷயத்தை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து டெக்சஸில் குடியிருந்தால் லைசென்ஸ் 25 டாலர், 17-க்குக் கீழே 7 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 315. புறா மாதிரிப் பறவைகளைச் சுட, இதற்கு மேல் தனி அனுமதி வாங்க வேண்டும்.

சரி, பயிற்சியில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்? சுடச் சொல்லித் தருவார்கள் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். எப்போது சுடக் கூடாது என்பதுதான் முக்கால்வாசி. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினை, முனையை ஆளில்லாத பக்கம் வை, குறியையும் குறிக்குப் பின்னால் இருப்பதையும் பார், சுடத் தயாராகும் வரை விரலை ட்ரிக்கர் வளையத்துக்கு வெளியே வை. இந்த நாலுதான் அடிப்படை. மூன்றாவது மிக முக்கியம், ஏனென்றால் சின்ன .22 தோட்டாகூட ஒரு மைலுக்கு மேல் போகும். மேட்டின் உச்சியில் வானத்தை ஒட்டி நிற்கும் மானைச் சுடாதே என்பது அதனால்தான். தவறினால் தோட்டா எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது தோட்டாக் கலர் சமாச்சாரம். ஷாட்கன் என்கிற, ஈய ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கியில் 12 கேஜ், 20 கேஜ் என்பார்கள். குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு என்பதுதான் அந்த எண், அதனால் எண் கூடினால் குழல் சிறியது. 20 கேஜ் தோட்டாவைத் தெரியாமல் 12 கேஜ் துப்பாக்கியில் போட்டால் அது உள்ளே வழுக்கிப் போய்க் குழலில் சிக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. சுடவில்லையே என்று பின்னாலேயே 12 கேஜைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போய்விடும். அதற்காகத்தான் 20 கேஜை மஞ்சள் நிறத்திலேயே தயாரிக்கிறார்கள். பயிற்சியாளர் வெட்டிவைத்த ஒரு குழலில் மஞ்சள் தோட்டாவைப் போட்டுக் காட்டினார். டொக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மூன்று பேர் பக்கம் பக்கமாக நடக்கும்போது யார் எந்தப் பக்கம் சுடலாம் என்பதற்கும் ஒரு வழி சொன்னார். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டிக் கட்டை விரலைத் தூக்கி, தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்த்தபடியே கைகளை மெதுவாக முன்னால் கொண்டுவர வேண்டும். இரண்டு கட்டை விரலும் கண்ணில் தட்டுப்படும் இடம்தான் உன் எல்லை. பறவை அந்த எல்லையைத் தாண்டினால் விட்டுவிட வேண்டும், துப்பாக்கி அதைத் துரத்திக்கொண்டு திரும்பக் கூடாது.

2006 பிப்ரவரி 11 அன்று தெற்கு டெக்சஸில் ஒரு பண்ணையில் நடந்தது இதுதான். அப்போது அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் செனி காடை வேட்டையில், பறந்த காடையைத் தொடர்ந்து திரும்பிச் சுட்டார். விழுந்த காடையை எடுக்கப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்த 78 வயது வழக்கறிஞர், கூட வந்தவர்தான், முகத்திலும் கழுத்திலும் நெஞ்சிலும் ரவை வாங்கினார். பிழைத்துக்கொண்டார். செனி பிறந்தது 1941-ல். டெக்சஸ் சட்டப்படி அவர் இந்த வகுப்பில் உட்காரவே வேண்டியதில்லை. காடை மாதிரிப் பறவைகளைச் சுட வாங்க வேண்டிய 7 டாலர் முத்திரை அவரிடம் இல்லை என்று எச்சரிக்கைச் சீட்டு கொடுத்தார்கள். அந்த 1971 கோட்டின் மேல் எனக்கு மரியாதை போனது இதைப் படித்த பிறகுதான்.

வேலிக்கு வருகிறேன். தனியாக இருந்தால் தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியை, தோட்டா அறை திறந்த நிலையில், முனை உங்களைப் பார்க்காமல் அந்தப் பக்கம் இருக்கும்படி வேலிக்குக் கீழே தள்ள வேண்டும். பிறகு கொஞ்சம் தள்ளிப்போய், கம்பம் இருக்கிற இடமாகப் பார்த்து, முனைக்கு எதிரே வராமல் ஏறித் தாண்டி, சுற்றி வந்து பின்கட்டைப் பக்கமாக எடுக்க வேண்டும். படிக்க எளிது. எனக்கு மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. வீட்டில் வந்து துடைப்பக்கட்டையை வைத்துக்கொண்டு சோபாவை வேலியாக நினைத்துப் பழகினேன். "வெளக்குமாத்துக்கு லைசென்ஸ் எடுத்தாச்சா?" என்றாள் மனைவி. ஊரில் அம்மாவுக்குக் கேள்வி வேறு: "ஏல, அங்க கறிக்கடையே கிடையாதா?"

அம்மா கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. 1972 வனவிலங்குச் சட்டம் வந்த நாட்டில், மானைச் சுட்டால் ஜெயில் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். இங்கே வெள்ளைவால் மான் மட்டும் டெக்சஸில் ஐம்பது லட்சத்துக்கு மேல் இருக்கிறது. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் 10, 11 சதவீத வரி போட்டு அதைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத் திருப்பிவிடும் சட்டம் 1937-லிருந்து இருக்கிறது. இந்தப் பயிற்சிக்கான பணமும் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. இதெல்லாம் போனில் அம்மாவிடம் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை, "சரி, பார்த்துப் போ" என்று வைத்துவிட்டாள்.

பொதுநிலத்தில் வேட்டையாடப் போகிறவர்களுக்கு இன்னொன்று. பளிச்சென்ற ஆரஞ்சு உடை வேண்டும், மொத்தம் 400 சதுர அங்குலம், அதில் நெஞ்சிலும் முதுகிலும் 144 வீதம், தலைக்கும் ஆரஞ்சு. மானுக்கு அந்த ஆரஞ்சு நமக்குத் தெரிவது போலத் தெரியாது. தனியார் நிலத்தில் சட்டம் கேட்கவில்லை, நான் போட்டுக்கொண்டுதான் போனேன், கூட வந்தவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

வேட்டைக்குப் போனது லானோ என்ற ஊர்ப் பக்கம், நவம்பர் முதல் சனிக்கிழமை, சீசன் திறந்த அன்றே. சக ஊழியரின் குத்தகை நிலம். எனக்கும் மகளுக்கும் ஒரு பரண் கொடுத்துவிட்டு அவர் அடுத்த பரணுக்குப் போய்விட்டார். பரண் என்றதும் தினைப்புனம் எல்லாம் கற்பனை செய்ய வேண்டாம், தகரமும் பலகையும் அடித்த பெட்டி, உள்ளே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, செத்த குளவிகள். அரை இருட்டில் ஃபிளாஸ்கைத் திறந்து அவளுக்கு ஹார்லிக்ஸ், எனக்குக் காபி. ஏழரை மணி வாக்கில் ஒரு பெண் மான் மட்டும் தனியாக வெளியே வந்தது. எழுபது கெஜம் இருக்கும். பின்னால் மண்மேடு, வீடு இல்லை, ரோடு இல்லை, வேறு மான் இல்லை. எல்லாம் பார்த்துவிட்டேன். துப்பாக்கியை மெதுவாகத் தூக்கினேன், மான் இன்னும் பக்கவாட்டில் திரும்பவில்லை, காத்திருந்தேன்.

"அப்பா, விரலு."

குனிந்து பார்த்தேன். வளையத்துக்குள்தான் இருந்தது. வெளியே எடுத்தேன். மான் காதைத் தூக்கி எங்கள் பெட்டியையே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவள் மிச்ச ஹார்லிக்ஸைக் குடித்தாள்.