தேரிக்காட்டுச் சாமிகளும் நல்ல தண்ணீரும்

பாலைவனத்துக்கு டூர் போகலாம் என்று பேச்சு எழுந்ததும் வகுப்பில் எல்லாரும் ஜெய்சால்மர், ஜெய்சால்மர் என்று குதித்தார்கள். ரயில் டிக்கெட்டையும் தங்கும் செலவையும் கூட்டிப் பார்த்த பிறகு சத்தம் அடங்கியது. அப்புறம் சார்தான், "பாளையங்கோட்டையில இருந்துக்கிட்டு மணலைப் பாக்க ராஜஸ்தானுக்கா போகணும், தேரிக்கு வேன் பிடிங்கல" என்றார். பங்குனி உத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பினோம்.

தேரி என்றால் செம்மணல் மேட்டுக் காடு. நாங்கள் போனது இப்போது தூத்துக்குடி மாவட்டக் கணக்கில் வருகிறது. 1986இல் மாவட்டம் பிரிந்தது, இருந்தாலும் எங்களுக்கு எல்லாம் திருநெல்வேலிச் சீமைதான். குதிரைமொழித் தேரி மட்டுமே சுமார் 12,000 ஏக்கர் என்கிறார்கள். காயாமொழி தாண்டியதும் வாழைத்தோட்டம் எல்லாம் நின்றுபோய், ரோட்டோரமே சிவப்பாகிவிடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குக் காற்று, அதாவது முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று, நாங்குநேரிப் பக்கத்துச் செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்து கடலுக்குக் கிட்டே கொட்டியதில் உருவானது என்பது ஒரு விளக்கம். பழைய கடற்கரை மணலும் இதில் சேர்ந்திருக்கிறது என்கிறார்கள். உள்ளங்கையில் எடுத்து வெயிலில் பார்த்தால் கண்ணாடி மாதிரியான குவார்ட்ஸ் மணிகள்தான், மேலே இரும்புத் துரு பூசியிருப்பதால்தான் அந்தச் சிவப்பு. இடையிடையே கருப்பு மணிகளும் உண்டு. ஊதினால் கை காலியாகிவிடுகிறது, ஆனால் விரல் இடுக்கில் சிவப்புக் கறை மட்டும் போகமாட்டேன் என்கிறது, வெள்ளைச் சட்டை போட்டு வந்தவன் பாடு பெரும் பாடு.

ஒரு மேட்டில் ஏறி நின்றால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது. பனையும் உடைமரமும் கொல்லாமரமும் (முந்திரி)தான் அடையாளம். வழிகாட்ட வந்த பனையேறி அண்ணாச்சி, மொட்டைப் பனை, இரட்டைப் பனை என்று ரோட்டுப் பேர் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே நடந்தார். பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார். பக்கத்து உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொன்னபோது, "அதுக்காக மரம் ஏற ஆளு வந்துருமா தம்பி?" என்று கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இந்த மணலில் மனிதன் நடமாடியது நேற்று முந்தாநாள் இல்லை. சாயர்புரம் உள்ளிட்ட தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகள் பற்றித் தொல்லியல் ஆய்வாளர்கள் ஃபிரெடரிக் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956இல் எழுதியிருக்கிறார்கள். குவார்ட்ஸிலும் செர்ட் என்கிற கெட்டிக் கல்லிலும் தட்டிச் செய்த, நகம் அளவுச் சில்லுகள். அப்படி எது கண்ணில் பட்டாலும் எடுத்துப் பையில் போடக்கூடாது என்று சார் வேனிலேயே சத்தியம் வாங்கிவிட்டார்.

கோவில் விஷயத்துக்கு வருகிறேன். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கால் எல்லாம் வெந்திருந்தது. அவ்வளவு நேரம் மணல் மேட்டில் வெந்துவிட்டு, திடீரென்று மரங்கள் அடர்ந்த சோலை, நடுவில் சுனை. தேரியில் விழுகிற மழை ஓடை கட்டி ஓடுவதில்லை, விழுந்த இடத்திலேயே மணல் குடித்துவிடும். கீழே தண்ணீரை விடாத களிமண் அடுக்கு வந்ததும் அதன் மேல் நின்று, பள்ளமான இடத்தில் ஊற்றாக வெளியே வரும். சார் இதைச் சொல்லிவிட்டு, "ஆக, தண்ணி இருந்த இடத்துல சாமி வந்திருக்கு" என்று முடித்தார். அங்கே சருகு கூட்டிக்கொண்டிருந்த பாட்டி விடவில்லை. "எய்யா, சாமி இருக்கப்போயிதான் தண்ணி இருக்கு. இல்லன்னா இந்த மரத்த எல்லாம் எப்பவோ வெட்டித் தின்னிருப்பானுவ!"

ஊற்றுக்குக் காரணம் கேட்டால் நான் சார் கட்சி. ஆனால் சுற்றிலும் காடு கரைந்துபோன பிறகும் இந்த ஒரு சோலை பிழைத்திருப்பதற்குப் பாட்டி சொன்னதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. சாமி மரத்தில் கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறிய பிறகு போன இடமெல்லாம் தண்ணீர்தான் கண்ணில் பட்டது. திருச்செந்தூரில் கடலில் குளித்துவிட்டு நாழிக்கிணற்றில் குளிக்கிறோம், அலை அடிக்கிற தூரத்தில் இருந்தும் அது கரிப்பதில்லை. மணப்பாட்டில் புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகைக்குள்ளும் ஒரு கிணறு, அதிலும் நல்ல தண்ணீர். அய்யனார், முருகன், சவேரியார், மூன்று இடத்திலும் அதே கதை.

தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனாரிடம் மட்டும் மண்ணே பிரசாதம். கார்த்திகை கடைசியில் கள்ளர் வெட்டு நடக்கும். கள்ளனுக்குப் பதில் ஓர் இளநீரைத் தேரியில் வெட்டுவார்கள், அது சிந்திய சிவப்பு மண்ணை ஜனம் அள்ளிக்கொண்டு போய் வீட்டிலும் வயலிலும் போடும். நாங்கள் போனபோது கோவில் காலியாகக் கிடந்தது. திருவிழாவுக்கு ஒருமுறை வரவேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: மார்கழி, தை உத்தமம், பங்குனி என்றால் காலை பத்து மணிக்குள் மணலை விட்டு இறங்கிவிடுங்கள். தண்ணீர் கொண்டு போங்கள், பாட்டிலைத் திருப்பிக் கொண்டு வாருங்கள், ஷூட்டிங் கூட்டம் போட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக்கே அங்கே ஏராளம். வனத்துறைக் காப்புக்காடும் இருக்கிறது, உள்ளே நடக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடிப் பக்கத்துத் தேரி என்று முடிவாகியிருக்கிறது, வேன் வாடகைதான் இன்னும் படியவில்லை.