வேலந்தாவளம் தாண்டும் முன்: தொற்றுக் காலத்தில் காய்ச்சல் குழந்தையோடு

பாலக்காடு ஜில்லா சிற்றூர் தாலுகாவின் எல்லை ஊர்களான கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் குழந்தைக்கு உடம்பு முடியவில்லை என்றால் கால் தானாகக் கோயமுத்தூருக்குத்தான் போகும். வேலந்தாவளம் செக்போஸ்டில் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் பழகிய டாக்டர், பழகிய மருந்துக்கடை. 2020 மார்ச் கோவிட் ஊரடங்குக்குப் பிறகு பலருக்கு இந்தப் பழக்கமே வினையானது. மூச்சு வாங்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு செக்போஸ்டில் நிற்பதைவிட, சிற்றூர் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போய் முதலில் ஆக்சிஜன் வைத்துவிட்டு அதற்கப்புறம் கோயமுத்தூரா திருச்சூரா என்று பேசிக்கொள்ளலாம். எந்தப் பக்கம் போவது என்பதைக் குழந்தையின் மூச்சுதான் சொல்ல வேண்டும்.

மூச்சை எண்ணத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். குழந்தை தூங்கும்போதோ அழாமல் மடியில் கிடக்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு, போனில் ஒரு நிமிட டைமர் வைத்து, வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது வேண்டாம். சின்னக் குழந்தை விட்டுவிட்டு மூச்சு விடும், கணக்கு தப்பும். இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலே அது வேக மூச்சு. விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, மூச்சு விடும்போது முனகுவது, பால் குடிக்க முடியாமல் விட்டுவிட்டுக் குடிப்பது, உதடு நீலம் பூப்பது, எழுப்பினால் சரியாக முழிக்காதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் போனில் டாக்டரைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, வண்டியை எடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தால், வேறு எதுவும் இல்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரி.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு வாங்கினார்கள். பெரியவர்கள் கருவி கைக்குழந்தையின் விரலில் நிற்காது. கால் கட்டைவிரலில் மாட்டி, கால் ஆடாமல் பிடித்துக்கொண்டு, எண் ஒரே இடத்தில் நிற்கும் வரை பொறுக்க வேண்டும். கால் ஜில்லென்றிருந்தாலும் மருதாணி வைத்திருந்தாலும் எண்ணை நம்ப முடியாது. தேய்த்துச் சூடாக்கி மறுபடி பாருங்கள். மத்திய அரசின் 2021 ஜூன் கோவிட் வழிகாட்டலில் குழந்தைகளுக்கு ஆக்சிஜன் 94 சதவீதமும் அதற்கு மேலும் லேசானது, 90 முதல் 93 வரை நடுத்தரம், 90-க்குக் கீழே கடுமை. லேசான நோய்க்கு ஸ்டீராய்டு கூடாது, பதினெட்டு வயதுக்குள் ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து பரிந்துரையில் இல்லை என்பதும் அதில் இருந்தது. ஐந்து வயதும் அதற்குக் குறைவும் உள்ள குழந்தைக்கு மாஸ்க் தேவையில்லை என்றும் சொன்னது. செக்போஸ்டில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மாஸ்க் எங்கே என்று கேட்டவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

வீட்டில் அதிகம் தப்பு நடப்பது பாராசிட்டமால் அளவில். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளி. பத்துக் கிலோ குழந்தைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். சிக்கல் பாட்டிலில்தான். ஒரு சிரப் 5 மில்லியில் 125 மில்லிகிராம், இன்னொன்று 5 மில்லியில் 250, சொட்டு மருந்து 1 மில்லியிலேயே 100. பத்துக் கிலோவுக்கு முதல் சிரப் 5 மில்லி, இரண்டாவது 2.5 மில்லி, சொட்டு மருந்து 1 மில்லிக்குக் கொஞ்சம் கூட. கடை மூடிக்கிடந்த நாட்களில் பக்கத்து வீட்டுப் பாட்டிலை வாங்கி “எப்பவும் ஒரு மூடி தருவோம்” என்று ஊற்றினால் இரண்டு மடங்கு ஆகிவிடும். சொட்டு மருந்தில் 5 மில்லி என்றால் நான்கு மடங்கு. லேபிளில் மருந்தின் பெயரைவிட அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கொடுத்த நேரத்தை உடனே எழுதி வையுங்கள். அம்மா ஒரு தடவை, பாட்டி ஒரு தடவை கொடுப்பது எல்லா வீட்டிலும் நடப்பது.

வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரியதில் பாதி கொட்டி ஒரு டம்ளரில் கலக்குவது ஆபத்து, உப்பு ஏறிவிடும். இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு போக்குக்கும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூனால். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி மெதுவாக. காய்ச்சலில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து மணியைப் பாருங்கள். கையில் சாவி, வாயில் ஸ்பூன் எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

வேக மூச்சு இல்லாத காய்ச்சல், சளி, சொறி போன்றவற்றுக்கு அரசின் வீடியோ மருத்துவ ஆலோசனையான இ-சஞ்சீவனி நன்றாகவே உதவியது. போன் எண், ஓ.டி.பி., டோக்கன், காத்திருப்பு, பிறகு வீடியோ. டாக்டர் எழுதும் சீட்டு போனிலேயே இறங்கும். 2020 மார்ச் 25-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டலின்படி குழந்தையோடு அடையாளம் காட்டும் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். கூப்பிடும் முன் எடை, கடைசியாக மருந்து கொடுத்த நேரம், எண்ணிய மூச்சு, கடைசியாகச் சிறுநீர் போன நேரம் இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்தால் பேச்சு சீக்கிரம் முடியும். குழந்தையை ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் சட்டையில்லாமல் வையுங்கள். கேமராவை முகத்தில் காட்டுகிறார்கள். டாக்டருக்கு வேண்டியது நெஞ்சு. கேரளா பக்கத்தில் பதிந்தால் கேரளா டாக்டர், மலையாளம். நம் பக்கத்துக்கு அது பெரிய தடை இல்லை.

108-ஐ அழைக்கும்போது எல்லை ஊரில் ஒரு சங்கடம் உண்டு. போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்தால் அழைப்பு தமிழ்நாட்டு மையத்துக்குப் போய்விடும். எடுத்ததும் “கேரளா, பாலக்காடு ஜில்லா, சிற்றூர் தாலுகா” என்று சொல்லிவிட்டுத்தான் நோயைச் சொல்ல வேண்டும். கேரளாவில் 1056 என்ற திசா சுகாதார உதவி எண்ணும் வார்டு விரைவு உதவிக் குழு (ஆர்.ஆர்.டி.) ஆட்களும் கை கொடுத்தார்கள். ஆசா வர்க்கர் எண்ணைப் போனில் வைத்திருந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். தொற்றுப் பகுதியை மூடிய கன்டெயின்மென்ட் அடைப்பில் எந்தத் தெரு திறந்திருந்தது என்பது ஆசா வர்க்கர்களுக்குத்தான் தெரிந்திருந்தது.

இனி எல்லை. கேரளாவின் வடக்கு எல்லையான தலப்பாடியில் கர்நாடகம் மண் கொட்டி வழியை அடைத்து, விவகாரம் கோர்ட் வரை போனது. கோயமுத்தூர் வழியிலுள்ள வாளையார் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் போவதற்கு ஒரு காகிதம், வருவதற்கு ஒரு காகிதம் வேண்டியிருந்தது. போவதற்குத் தமிழ்நாட்டு இ-பாஸ்: மருத்துவக் காரணம், வண்டி எண், பயணிகள் பெயர், அடையாள அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு. டிரைவர் பெயர் விட்டுப்போவது, குழந்தை பெயரைச் சேர்க்காதது, போனில் எடுத்த படம் கனமாக இருந்து ஏறாதது, இந்த மூன்றும்தான் அடிக்கடி இழுத்தடித்தவை. வருவதற்குக் கேரளாவின் ஜாக்ரதா இணையப் பதிவு. நாள், நேரம், செக்போஸ்ட் எல்லாம் அதிலேயே குறிக்க வேண்டியிருந்தது. 2020 மே மாதம் கேரளாவுக்குள் திரும்ப ஆறே வழிகள்: இஞ்சிவிளை, ஆரியங்காவு, குமுளி, வாளையார், முத்தங்கா, மஞ்சேஸ்வரம். கோபாலபுரமோ மீனாட்சிபுரமோ வீட்டுக்குப் பக்கம் என்பதெல்லாம் எடுபடவில்லை, வாளையார் சுற்றித்தான் வர வேண்டியிருந்தது. வந்தபின் வீட்டில் பதினான்கு நாள் தனிமை. ஆகவே போவதற்கு முன்பே திரும்பும் பதிவைப் போட்டுவிடுவது நல்லதாக இருந்தது. அட்மிஷன் ஆனால் தேதி மாறியது. மாற்ற வேண்டிவந்தாலும் பரவாயில்லை, பதிவு எண் கையில் இருந்தது.

செக்போஸ்ட் மேசையில் பேச்சைச் சுருக்க வேண்டியிருந்தது.

“பாப்பாவுக்கு என்னங்க?”

“ஒன்பது மாசம் சார், மூச்சு வாங்குது. சிற்றூர்ல பார்த்து ரெஃபர் பண்ணியிருக்காங்க. லெட்டர் இது.”

இவ்வளவு போதுமாக இருந்தது. நெற்றியில் கருவி வைத்தால் காய்ச்சல் காட்டத்தான் செய்தது. அதை மறைக்க மருந்து கொடுத்துவிட்டுக் கிளம்பியவர்கள் டாக்டரையும் சேர்த்துக் குழப்பினார்கள். ரெஃபர் லெட்டரில் ஆஸ்பத்திரி முத்திரை, தேதி, போகும் ஆஸ்பத்திரியின் பெயர் மூன்றும் இருக்க வேண்டியிருந்தது. “உயர் சிகிச்சைக்கு” என்று மட்டும் எழுதினால், எங்கே என்று கேட்டு நிறுத்தினார்கள். 2021 ஆகஸ்ட் 5 முதல் கேரளாவிலிருந்து தமிழ்நாட்டுக்குள் போக 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். கோவிட் பரிசோதனை அல்லது இரண்டு தவணைக் கோவிட் ஊசிச் சான்று கேட்டார்கள். இந்தியாவில் பதினைந்து வயதுக்குக் கீழே ஊசியே 2022 மார்ச்சில்தான் வந்தது, அதுவும் பன்னிரண்டு வயதிலிருந்து. கைக்குழந்தைக்குச் சான்று எங்கிருந்து வரும்? அங்கேயும் அந்த லெட்டர்தான் பேசியது.

ஆஸ்பத்திரிக்குள் போனதும் கூட இருக்க பைஸ்டாண்டர் ஒருவரைத்தான் விட்டார்கள். பால் குடிக்கும் குழந்தை என்றால் அம்மா. அம்மாவுக்குப் பாசிட்டிவ் என்றாலும் மாஸ்க் போட்டு, கை கழுவி, தாய்ப்பால் தொடரலாம். பவர் பேங்க், பாலாடை, பழைய சீட்டுகள், தடுப்பூசி அட்டை, மாற்று நாப்பி எல்லாம் முதல் பையிலேயே போகட்டும். பிறகு வெளியிலிருந்து ஒரு பொருளை வார்டுக்குள் அனுப்புவது பெரும்பாடு. பணக்கணக்கும் மாநிலத்தோடு மாறும். தமிழ்நாட்டு முதல்வர் காப்பீட்டுக்கு அந்த மாநில ரேஷன் கார்டு வேண்டும். கேரளாவின் காருண்யா காப்பீட்டுக் கார்டைக் கோவையில் நீட்டும் முன், அது அங்கே செல்லுமா என்று அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிடுங்கள்.

கோவிட் லேசாக வந்து போன வீட்டில் இரண்டு முதல் ஆறு வாரம் கழித்துக் குழந்தைக்கு மூன்று நாள் விடாத காய்ச்சல், கண் சிவப்பு, உடம்பில் சிவப்புத் தடிப்பு, வயிற்றுவலி, வாந்தி என்று சேர்ந்து வந்தால் அது வேறு நோய்: கோவிட்டுக்குப் பிறகு பல உறுப்புகளில் அழற்சி உண்டாக்கும் மிஸ்-சி. சி.ஆர்.பி., டி-டைமர் ரத்தப் பரிசோதனைகளும் இதய எக்கோவும் பார்க்கும் வசதி உள்ள இடத்துக்கு நேரே போக வேண்டும். டாக்டரிடம் “போன மாசம் வீட்டில் எல்லாருக்கும் காய்ச்சல்” என்பதைச் சொல்லாமல் விட்டால் டெங்கு என்றே இரண்டு நாள் போய்விடும். மழைக்காலத்தில் டெங்குவும் இருக்கும் என்பதால் இரண்டுக்கும் ரத்தம் எடுப்பார்கள். மிஸ்-சிக்குக் கிலோவுக்கு 2 கிராம் கணக்கில் ஐ.வி.ஐ.ஜி. என்ற எதிர்ப்புப்புரத மருந்தை ஏற்றினால், அதற்குப் பிறகு எம்.எம்.ஆர்., சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைப் பதினோரு மாதம் தள்ளிப்போட வேண்டும். அங்கன்வாடியில் ஊசி நாளன்று இதை யாரும் கேட்க மாட்டார்கள். ஏற்றிய தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கி, அந்தப் பக்கத்தின் நகலைத் தடுப்பூசி அட்டையோடு பின் அடித்து வையுங்கள்.