வில்லன் பெயர் பொடியன்

காற்று மாசு பற்றிக் குழந்தைகளுக்காக எடுக்கும் கார்ட்டூன் தொடரில் எனக்கு முதல் தலைவலியே வில்லன்தான். கண்ணுக்கே தெரியாதவனை எப்படி வரைவது? அவன் பிஎம் 2.5, அதாவது காற்றில் மிதக்கும் நுண்துகள்; குறுக்களவு அதிகபட்சம் 2.5 மைக்ரோமீட்டர். தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. அதனால் ஒரு முடியைப் பனைமரமாக நிறுத்தி, அதன் அடியில் புளியங்கொட்டை அளவில் அவனை உட்காரவைத்தேன். பெயர் பொடியன்.

முதல் கதை போகி. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னைக்கு வந்த விமானங்கள் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டனவே, அங்கிருந்து தொடங்கினேன். புகை வரைவது கொடுமை. நொடிக்கு 12 படம், ஒவ்வொன்றிலும் வேறு வடிவம். பழைய டயர் எரியும் 8 நொடிக் காட்சி இரண்டு வாரத்தை விழுங்கியது.

சரி, மாடிவீட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். பொடியன் மூக்குமுடிக்குத் தப்பி வழுக்கிக்கொண்டே போய் நுரையீரலின் காற்றுப்பைக்குள் குதிக்கும் இடத்தில் ஒரே கைதட்டல்! எல்லாரும் அவன் கட்சி. அத்தனை அழகாகக் கண் வைத்தது என் தப்பு. "உள்ள போயி அவன் என்ன சாப்பிடுவான் அங்கிள்?" என்று கேட்டது ஒரு வாண்டு.

இப்போது அந்தக் காட்சியைத் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறேன், கண்ணைச் சின்னதாக்கி.