நூல் கட்டிப் பார்த்த வீல் அலைன்மென்ட்

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் உடனே சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடைக்கு ஓடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. முதலில் வண்டிக்கு அடியில் பார்க்கணும்.

என் மாருதி 800-இல் முன் டயர்கள் உள் ஓரத்தில் மட்டும் தேய ஆரம்பித்தன. வேலூரிலேயே ஒரு கடையில் கம்ப்யூட்டரில் வைத்துப் பார்த்து, எல்லாம் சரி என்று சீட்டு கொடுத்தார்கள். ஆம்பூர் போய் வருவதற்குள் ஸ்டியரிங் மறுபடி கோணல். ஸ்டியரிங் திருப்பலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற கம்பிதான் டை ராட்; அதன் முனை இணைப்பான டை ராட் எண்டை அங்கே யாரும் கையால் ஆட்டிக்கூடப் பார்க்கவில்லை, அதுதான் என் ஆதங்கம். ஆடுகிற இணைப்பை வைத்துக்கொண்டு எடுக்கிற அளவு எப்படி நிற்கும்?

கணியம்பாடி பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் ஒருவர் இருக்கிறார். ஜாக்கி போட்டு, சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்தார். லொடக்கென்று சத்தம். "இன்னா தம்பி, இது இப்டி ஆடுனா கம்ப்யூட்டர் இன்னா பண்ணும்?" என்றார். மேலும் கீழுமாக அசைத்தால் பால் ஜாயிண்ட், வீல் பேரிங் ஆட்டம் தெரியும். அவை நன்றாகவே இருந்தன. டை ராட் எண்டு புதுசு போட்டு, நாலு டயரிலும் காற்றைச் சரிபார்த்தார்.

அப்புறம் ஸ்டியரிங்கை நேராக நிறுத்திக் கட்டிவிட்டு, வண்டியின் இரண்டு பக்கமும் சக்கர மையத்தின் உயரத்தில் நூல் கட்டினார். நூல் வண்டிக்கு இணையாக இருக்கணும் என்பதில்தான் அவ்வளவு பொறுமை. முன் சக்கர அகலமும் பின் சக்கர அகலமும் பல கார்களில் ஒன்றாக இருக்காது. அதனால் முன் சக்கர மையத்திலிருந்து நூலுக்கு இரண்டு பக்கமும் ஒரே தூரம், பின் சக்கரத்திலும் அதே மாதிரி வரும்வரை நகர்த்திக்கொண்டே இருந்தார். பிறகு ரிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் நூலுக்கு ஸ்கேல் வைத்தார். முன் விளிம்புதான் நூலுக்குக் கிட்டே இருந்தது. சக்கரங்கள் முன்னால் விரிந்து நின்றதால்தான் உள் ஓரம் தேய்ந்திருக்கிறது.

லாக் நட்டைத் தளர்த்தி, ரப்பர் பூட் முறுக்கிக்கொள்ளாமல் அதன் கிளிப்பையும் விட்டு, டை ராடை இரண்டு பக்கமும் சம அளவில் திருப்பினார். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் ஸ்டியரிங் கோணிக்கொள்ளும். ஒவ்வொரு திருப்பலுக்கும் வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் தள்ளிவிட்டு மறுபடி அளந்தார். சக்கரம் அப்போதுதான் தன் நிலைக்கு வரும். இந்த வண்டியில் இப்படித் திருப்ப முடிவது டோ ஒன்றைத்தான், அதாவது சக்கரங்கள் முன்னால் விரிந்தோ குவிந்தோ நிற்கிற அளவை. கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்கிற அளவு, தப்பாக இருந்தால் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஸ்ட்ரட்டோ லோயர் ஆர்மோ வளைந்திருக்கிறதா என்று தேடணும்.

பெங்களூர் ஹைவேயில் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் நேராக நின்றது. கையை லேசாகத் தளர்த்தினால் மெதுவாக இடது பக்கம் போகும். மழைத் தண்ணீர் வடிய ரோடே அந்தப் பக்கம் சரிவு, அதற்காக நட்டைத் தொடக் கூடாது. எண்பதைத் தாண்டும்போது ஸ்டியரிங் நடுங்கினால் அது பெரும்பாலும் சக்கரத்தின் எடையைச் சமன்செய்கிற பேலன்சிங் வேலை, அலைன்மென்ட் இல்லை.

வலது லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷில் வெடிப்பு விட ஆரம்பித்திருக்கிறது என்று பாய் காட்டினார். அதை மாற்றியதும் மறுபடி நூல் கட்டிப் பார்க்கணும்.