பால் சீட்டு இருந்த பக்கம்

"முடிக்கலைங்க டீச்சர். இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க."

அந்த ஏழாம் வகுப்பு மாணவி சொன்னது இவ்வளவுதான். சொல்லும்போதே பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டாள். "வாசிப்பு வாரம் முடியட்டும். நானே கூப்பிட்டுத் தர்றேன்" என்றேன். "சரிங்க" என்று போய்விட்டாள். அவள் ஒரு வார்த்தை மறுத்திருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

2024 ஜூனில் ஒரு சனிக்கிழமை, சிறார் இலக்கியத்துக்குச் சாகித்ய அகாதமி தரும் பால சாகித்ய புரஸ்கார் அறிவிப்பு வந்தது. ஞாயிறும் பக்ரீத் விடுமுறையும் கழிந்து செவ்வாய்க்கிழமை பள்ளி திறந்தது. மறுநாள் ஜூன் 19, நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கர் நினைவாகக் கேரளம் முழுவதும் கொண்டாடும் வாசிப்பு தினம். தமிழில் பரிசு பெற்ற நூல் எங்கள் பள்ளியில் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. இஷ்யூ ரெஜிஸ்டரைப் புரட்டினால் அது அவளிடம். எடுத்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. தவணை பதினான்கு நாள். கேட்க எனக்கு உரிமையே இல்லை.

ஆனாலும் கேட்டதற்குக் காரணம் இருந்தது. கேரளத்தில், பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் தமிழ் மீடியம் வகுப்பை நடத்துகிறவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வாசிப்பு தினத்தன்று வராந்தா நெடுக மலையாளச் சார்ட்டுகள். தமிழுக்கு ஒரு பெஞ்சு. வார்டு மெம்பர் வருவார், பெற்றோர் வருவார்கள். அடுத்த வருஷம் பிள்ளையை எந்த மீடியத்தில் சேர்ப்பது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே அந்தப் பெஞ்சைப் பார்ப்பார்கள். நாட்டின் 24 மொழிகளுக்குக் கொடுக்கும் பரிசில் தமிழுக்குக் கிடைத்த நூல் கண்ணாடி அலமாரிக்குள் நிற்பது, அன்றைக்கு நாங்கள் பேசும் எந்தப் பேச்சையும்விடப் பெரிய பேச்சு. "பரிசு புக் நம்மகிட்ட இருக்குதுங்களா?" என்று தலைமை ஆசிரியர் கேட்டபோது "இருக்குதுங்க சார்" என்று பெருமையாகச் சொன்னவள் நான்தான். எடுத்து வைக்கச் சொல்லி அவர் வற்புறுத்தவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்தப் பரிசு 50,000 ரூபாய், ஒரு தாமிரப் பட்டயம், நவம்பரில் ஒரு விழா. பள்ளி நூலகத்துக்கு அது வேறு விதமாக வந்து சேரும். முதலில், புத்தகம் கிடைக்காது. கையிலிருந்த பழைய பிரதிகள் சில நாளில் தீர்ந்துவிடும். மறுபதிப்பு அட்டையில் பரிசு விவரம் அச்சாகி வரும்வரை பொள்ளாச்சிக் கடைக்காரர் "சொல்லி வச்சிருக்கேங்க" என்றே சொல்வார். அறிவிப்பு வந்த அன்றே போனில் சொன்னால்தான் பழைய பதிப்பு இரண்டு மூன்று கிடைக்கும். தவறினால் ஜூலையில் கோவை கொடிசியா புத்தகத் திருவிழாவுக்குப் போவது நல்லது. பத்து சதவீதம் கழிவும் கிடைக்கும், பிள்ளைகள் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கவும் முடியும். பில்லில் தலைப்பு வாரியாக எழுதி வாங்க வேண்டும். "சிறுவர் நூல்கள் - 22" என்று ஒரே வரியில் வாங்கி வந்தால் ஸ்டாக் ரெஜிஸ்டரோடு ஒத்துப்பார்க்க முடியாமல் ஆடிட்டில் நின்றுவிடும்.

ஒருவருடைய மொத்தப் பங்களிப்புக்காகப் பரிசு தரும் ஆண்டுகளில் இன்னொரு சிக்கல். தமிழில் 2016, 2017, 2019 மூன்றும் அப்படித்தான். 2017-இல் பெற்ற வேலு சரவணன் குழந்தைகள் நாடகக்காரர். அவரைப் பள்ளிக்கு அழைத்து நடிக்கவைத்தால் பிள்ளைகள் உயிரைக் கொடுத்துப் பார்ப்பார்கள். ஆனால் "பரிசு நூல் வாங்குக" என்று குறிப்பு வந்தால் எந்த நூலை வாங்குவது? எனக்கு அந்தப் பரிசுகள் பிடிக்கும். வாங்கும் பட்டியலில்தான் அவற்றுக்கு இடம் கிடைப்பதில்லை.

வயது விஷயத்தில் என் குறை பெரிது. ஒன்பதிலிருந்து பதினாறு வரை ஒரே பரிசு. நாலாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரிய எழுத்தும் படமும் வேண்டும். பத்தாம் வகுப்புப் பையன் அட்டையில் 'சிறார்' என்ற சொல்லைக் கண்டாலே திருப்பி வைத்துவிடுவான். அமெரிக்காவில் சிறார் நூல்களுக்கு 1922 முதல் நியூபெரி பதக்கம் இருக்கிறது. பதின்பருவத்தினருக்கென்று 2000 முதல் பிரின்ட்ஸ் விருதும் தனியாக வந்துவிட்டது. நம்மிடம் அந்தப் பிரிவு இல்லாததால் பெரிய பிள்ளைகளுக்கான தமிழ்ப் புத்தகம் எது என்று காட்டித்தர ஆளே இல்லை. 'இளையோர்' என்று ஒரு தட்டைப் பிரித்து, சிறார் என்று ஒட்டியிருந்த லேபிள்களை உரித்து எடுத்த பிறகுதான் ஒன்பதாம் வகுப்பு நூலகப் பக்கம் வந்தது.

எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். 2023-இல் பெற்ற உதயசங்கர், 2024-இல் பெற்ற யூமா வாசுகி இருவரும் மலையாளத்திலிருந்து தமிழுக்குக் குழந்தை நூல்களைக் கொண்டுவந்தவர்கள். அவர்கள் மொழிபெயர்த்தவற்றைப் பரிசுக்கு முன்பே எங்கள் பிள்ளைகள் படித்துக் கிழித்து, நான் டேப் ஒட்டி, மறுபடியும் கிழித்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்புக்கு இந்தப் பரிசு கிடையாது. வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமுமாக வளரும் பிள்ளைக்கு அவைதான் மிக நெருக்கமான புத்தகங்கள். அவற்றில் ஒன்றையாவது நான் கண்ணாடிக்குள் வைத்ததுண்டா என்றால், இல்லை. கிழிந்த புத்தகத்தை யாருக்குக் காட்டுவது என்று தோன்றிவிட்டது.

இனி அந்த வாரம். கம்பி ஸ்டாண்டில், தலைப்புப் பக்கம் தெரியும்படி புத்தகத்தை விரித்து நிறுத்தினேன். அதைச் செய்யவே கூடாது. பசை பைண்டிங் புத்தகம் விரிந்தபடி நின்றால் தன் எடையாலேயே முதுகுப் பசை விரிசல் விட்டு முன்பக்கங்கள் கழன்று வரும். ஜூன் மாத ஈரத்தில் அட்டையும் கெடும். லாமினேஷன் வெளிப்பக்கம் மட்டும்தானே இருக்கிறது; உள்பக்கத் தாள் ஈரத்தைக் குடித்து விரிய, அட்டை வெளியே பார்த்துச் சுருண்டுவிடும். மூடிய கண்ணாடி அலமாரியில் காற்றோட்டம் இல்லாததால் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும். காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் புத்தகத்தை மூடி, பின்னால் ஒரு அட்டைத் தாங்கல் கொடுத்துச் சாய்த்து, நாளுக்கு ஒருமுறை கதவைத் திறந்துவிட வேண்டும். இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும். அவசரத்தில் செய்யவில்லை.

ஸ்டாண்டில் நிறுத்தும்போதுதான் உள்ளேயிருந்து ஒரு சீட்டு விழுந்தது. பால் சொசைட்டிச் சீட்டு. 17-ஆம் தேதி காலை, மூன்றரை லிட்டர், ஃபேட் 4.2. பக்ரீத் லீவு நாளில் அவள் எங்கே இருந்தாள் என்று அந்தச் சீட்டே சொல்லிவிட்டது: விடியக்காலையில் சொசைட்டி வாசலில் பாலை ஊற்றிவிட்டு வந்து, இந்தப் புத்தகத்தோடு. எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பார்க்காமல் சீட்டை எடுத்து ரெஜிஸ்டருக்குள் வைத்தேன். கண்ணாடிக்குள் துண்டுச் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

வாசிப்பு வாரம் 25-ஆம் தேதி முடிந்தது. அலமாரிச் சாவி ஆபீஸில் இருந்தது, பரீட்சை வேலை வந்தது, மழை லீவு வந்தது. ஜூலையில் புத்தகத்தை வெளியே எடுத்தபோது முதல் இரண்டு தாள் கையோடு வந்தன. ஒட்டி, காயவைத்து, அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். "எந்தப் பக்கம்னு ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டேன். "பரவால்லைங்க டீச்சர், வேற புக் எடுத்துக்கிறேன்" என்றாள். வேறு எடுத்தாள், படித்தாள், அந்த ஆண்டு முழுவதும் எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். அதனால் நடந்தது பெரிய விஷயம் இல்லை என்று சொல்லலாம். மூன்று பெற்றோர் அந்தப் பெஞ்சின் முன் நின்று, இது தமிழ் புக்குங்களா, இதுக்கா டெல்லியில பரிசு என்று கேட்டார்கள். அதில் ஒருவர் தன் மகனை எங்கள் மீடியத்திலேயே விட்டுவைத்தார். புத்தகத்தைப் பார்த்ததனால்தானா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கண்ணாடி அலமாரியை முழுக்கத் தப்பு என்று சொல்ல என்னால் முடியவில்லை.

2025-இல் அறிவிப்பு வந்தது ஜூன் 18. மறுநாளே வாசிப்பு தினம். புத்தகம் எங்களிடம் இல்லை. அட்டைப் படத்தைக் கலரில் அச்செடுத்து ஒட்டினோம். வந்தவர் ஒருவர், "புத்தகம் எங்கீங்க?" என்று கேட்டார். வாங்கப்போகிறோம் என்றேன். இருந்திருந்தால் வைத்திருப்பேனா? பிள்ளை கையில் இருக்கிறது என்று சொல்லும் தைரியம் எனக்கு வந்திருக்குமா? ஒரு பிரதி கண்ணாடிக்கு, நாலு பிரதி கைக்கு என்று அடுத்த கொடிசியாவில் ஐந்தாக வாங்கிவிட்டேன். ஐந்தையும் பதிவேட்டில் ஏற்றி எண் போட்டாகிவிட்டது. கைக்கு என்று வாங்கிய நாலில் இரண்டு இன்னும் மடிப்பு விழாமல் இருக்கின்றன.

அவள் இப்போது வேறு பள்ளியில் படிக்கிறாள். சீட்டு பழைய இஷ்யூ ரெஜிஸ்டரில், அவள் பெயர் இருக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் அச்சு மங்கிவிட்டது. தேதியை மட்டும் படிக்க முடிகிறது.